பொங்கல் வரிசை

ஸ்கூல் ஆண்டு விழாவில் மைக்செட்காரன் மேஜையை எப்பவும் பெத்தவங்க நாற்காலிக்குப் பின்னால்தான் போடுவார்கள். அங்கே உட்கார்ந்தால் மேடை சரியாகத் தெரியாது. தூக்கிப் பிடித்த செல்போன்தான் தெரியும். பாட்டு ஆரம்பித்த உடனே அத்தனை கையும் மேலே போகும். மேடையில் ஆடுவது ஒரே ஆட்டம், ஆனால் ஒவ்வொரு போனிலும் வேற வேற படம் ஓடும். அவங்கவங்க பிள்ளை மட்டும் நடுவில். முன் வரிசைப் பிள்ளையைப் பெத்தவர் கை ஆடாமல் நிற்கும். பின் வரிசைப் பிள்ளையைப் பெத்தவள் இந்தப் பக்கம் சாய்வாள், அந்தப் பக்கம் சாய்வாள், எக்கி எக்கிப் பார்ப்பாள். கடைசியில் யாரோ ஒரு பிள்ளையின் ஜடைக்கும் இன்னொரு பிள்ளையின் தோளுக்கும் நடுவில் தெரிகிற முழங்கையைப் படம் எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போவாள்.

மைக்செட் போடுகிறவன் நான், இதை வருஷக்கணக்காகப் பார்த்திருக்கிறேன். பார்த்ததோடு சரி. இது ஒரு விஷயம் என்று தோன்றினது ஸ்டெபினுக்குத்தான். அவனைப் பற்றி நாலு வார்த்தை எழுதணும் என்று ரொம்ப நாளாக நினைப்பு.

ஸ்டெபின் டான்ஸ் மாஸ்டர். சினிமா மாஸ்டர் இல்லை. ஸ்கூலில் மாசச் சம்பளத்துக்கு இருக்கிற மாஸ்டரும் இல்லை. டிசம்பர் வந்தால் கூப்பிடுவார்கள். மூன்று வாரத்தில் எல்.கே.ஜி.யிலிருந்து ஒன்பதாம் கிளாஸ் வரைக்கும் ஆளுக்கொரு ஆட்டம் சொல்லிக்கொடுத்து மேடை ஏத்திவிட்டு அடுத்த ஸ்கூலுக்குப் போய்விடுவான். ஆண்டு விழா சீசன் முடிந்தால் மேடவாக்கத்தில் ஒரு அபார்ட்மெண்டில் அம்மாமார்களுக்குக் காலையில் உடம்பு குறைக்கிற ஆட்டம். மே மாதம் சம்மர் கேம்ப். பொத்தேரிப் பக்கம் காலேஜ் பசங்க கல்ச்சுரல்ஸுக்குக் கூப்பிட்டால் அதற்கும் ஓடுவான். வீடு சேலையூரில். மனைவி தபீதாள் ஒரு பல் டாக்டரிடம் டோக்கன் கொடுக்கிற வேலை பார்க்கிறாள்.

ஆளைப் பார்த்தால் டான்ஸ் மாஸ்டர் என்று யாரும் சொல்லமாட்டார்கள். தொப்பை. இடது முட்டியில் எப்பவும் ஒரு பட்டை. ஸ்கூட்டியில் கால் வைக்கிற இடத்தில் ஸ்பீக்கர் பெட்டியை நிறுத்திக்கொண்டு, காலை ரெண்டு பக்கமும் அகட்டிக்கொண்டு கேம்ப் ரோட்டில் வருவான். முதன்முதலில் பார்த்த அன்றைக்கே நான் கேட்டேன்.

"இன்னாபா, நீ ஆடுவியா, இல்ல உன் வயிறு ஆடுமா?"

"ரெண்டும் ஆடும்ணா. வயிறு கொஞ்சம் லேட்டா ஆடும். ஆனா பீட் மிஸ் ஆவாது."

அன்றைக்கே எனக்கு அவனைப் பிடித்துப்போனது. வெளியே காட்டிக்கொள்ளவில்லை.

அவன் சொல்லிக்கொடுக்கிற தினுசு தனி. மற்ற மாஸ்டர்கள் முதல் நாளே பிள்ளைகளை நிற்கவைத்துப் பார்த்து, நல்லா ஆடுகிற பிள்ளை, பளிச்சென்று இருக்கிற பிள்ளை, கேள்வி கேட்கிற அப்பாவின் பிள்ளை, இவங்களை முன்னால் நிறுத்திவிடுவார்கள். மிச்சம் எல்லாம் பின்னால். கடைசி நாள் வரைக்கும் அதே இடம்தான். ஸ்டெபின் பிள்ளைகளை நாலு வரிசையாகப் பிரிப்பான். ஒவ்வொரு வரிசைக்கும் ஒரு பேர். இட்லி, தோசை, பூரி, பொங்கல். பாட்டையும் நாலு பங்காகப் பிரிப்பான். பங்குக்கு ஒரு நிமிஷம். ஒவ்வொரு பங்குக்கும் ஒரு வரிசை முன்னால் வரும், முன்னால் நின்றது ஓரமாகச் சுற்றிப் பின்னால் போகும். பாட்டு முடிகிறதற்குள் நாலு வரிசையும் ஒரு தடவை முன்னால் நின்றிருக்கும். பிராக்டீஸில் தினமும் ஆரம்பிக்கிற வரிசையை மாற்றுவான். "இன்னிக்கு பூரி முன்னாடி!" என்று கத்துவான், பூரி ஓடி வரும். அதனால் எந்த வரிசை முன்னால் நின்று ஆரம்பித்தாலும் பிள்ளைகள் தடுமாறாது.

"இது டான்ஸ் கிளாஸா, டிபன் கடையா?" என்றேன்.

"கடைசி வரிசைன்னு சொன்னா அந்தப் புள்ள வூட்டுக்குப் போய் அதையேதான் சொல்லும். பொங்கல்னு சொன்னா சிரிச்சிகினு போவும்ணா."

ராஜகீழ்ப்பாக்கம் பக்கத்தில் ஒரு ஸ்கூல். பேர் வேண்டாம். ஆண்டு விழாவுக்கு மைக்செட் என்னுது, ஆட்டம் ஸ்டெபினுது, இப்படியே சில வருஷம் ஓடியது. கரஸ்பாண்டன்ட் அனந்தகிருஷ்ணன் சார் தப்பான மனுஷன் இல்லை. வயர் இழுக்கிறவனுக்கும் சாப்பாட்டுப் பொட்டலம் போயிற்றா என்று விசாரிக்கிறவர். ஆனால் அவருக்கு அந்த விழா வீடியோ முக்கியம். அதிலிருந்து எடுத்த படத்தைத்தான் அட்மிஷன் பேனரில் போடுவார். முன் வரிசை நன்றாக இருந்தால்தான் பேனர் நன்றாக இருக்கும். அவர் பக்கத்தில் இருந்து பார்த்தால் அதுவும் நியாயம்தான்.

போன வருஷத்துக்கு முந்தின வருஷம் நடந்தது இது. விழாவில் பேச்சு நீண்டுபோனது. பரிசு கொடுக்கிறது அதைவிட நீண்டது. விழாவைப் பார்த்துக்கொள்கிற அமலராணி மிஸ் மேடை ஓரத்தில் நின்று என்னைப் பார்த்து ரெண்டு விரலைக் கத்தரிக்கோல் மாதிரி ஆட்டினார்கள். பாட்டைப் பாதியில் இறக்கு என்று அர்த்தம். எல்லா ஸ்கூலிலும் எல்லா வருஷமும் நடக்கிறதுதான். கை காட்டினால் சத்தத்தை மெதுவாக இறக்குவேன், அதுதான் என் வேலை. மூன்றாம் கிளாஸ் ஆட்டத்தையும் அப்படித்தான் இறக்கினேன். இட்லி முன்னால் வந்தது, தோசை வந்தது, சத்தம் போனது. பூரியும் பொங்கலும் நின்ற இடத்திலேயே கும்பிடு போட்டுவிட்டு உள்ளே போயின.

கொஞ்ச நேரத்தில் ஒரு அம்மா என் மேஜைக்கு வந்தாள். தாம்பரம் சானடோரியத்தில் ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில் வேலை, கழுத்தில் அடையாள அட்டை இன்னும் தொங்கிக்கொண்டிருந்தது. பர்மிஷன் போட்டுவிட்டு நேராக வந்திருக்கிறாள்.

"அண்ணா, பாட்டு அவ்ளோதானா? கெசியா வீட்ல ஆடும்போது இன்னும் நிறைய இருந்துச்சே."

கோபமே இல்லை. சண்டைக்கு வந்திருந்தால் நானும் பதிலுக்கு ஏதாவது சொல்லியிருப்பேன். அவள் நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். "அவ்ளோதாம்மா" என்றேன். தலையை ஆட்டிவிட்டுப் போய்விட்டாள். அவள் மகள் கெசியா பொங்கல் வரிசை.

ஸ்டெபினிடம் இதைச் சொன்னேன். அவன் வயரைச் சுற்றிக்கொண்டிருந்த என் கையையே பார்த்துக்கொண்டு நின்றான். "வூட்ல முழுசா ஆடிக் காட்டியிருக்குதுண்ணா" என்றான்.

அடுத்த வருஷம் ஒரு நல்ல சேதியோடு வந்தான். அந்த ஸ்கூலில் டான்ஸுக்கு நிரந்தரமாக ஒரு மாஸ்டர் போடப் போகிறார்கள். அனந்தகிருஷ்ணன் சார் கூப்பிட்டு, "ஆண்டு விழா முடியட்டும் ஸ்டெபின், ஜூன்லேர்ந்து நீ இங்கயே இருந்துடு" என்று சொல்லியிருக்கிறார். மாசச் சம்பளம், ஒரே இடம், முட்டிக்கும் ஓய்வு. தபீதாள் அன்றைக்கே வேலைக்குப் போட்டுக்கொண்டு போக வெள்ளைச் சட்டை ரெண்டு வாங்கி வைத்துவிட்டாளாம்.

ஒரு வாரம் கழித்து சார் ஒத்திகை பார்க்க வந்தார். நாலாம் கிளாஸ் ஆட்டம். கெசியா இப்போது நாலாம் கிளாஸ், மறுபடியும் பொங்கல் வரிசை. இட்லி வரிசையில் நடுவில் ஸ்நேகா என்று ஒரு பிள்ளை. சும்மா சொல்லக் கூடாது, அந்தப் பிள்ளை ஆடினால் சுற்றி வருகிற வாட்ச்மேன்கூட நின்று பார்ப்பார். சார் முழுசும் பார்த்தார்.

"நல்லா இருக்கு. இந்த மாறி மாறிப் போறது மட்டும் வேண்டாம் ஸ்டெபின். முன்னாடி நிக்கறவங்க அப்படியே நிக்கட்டும். வீடியோல பார்க்க ஒழுங்கா இருக்கணும் இல்லையா?"

ஸ்டெபின் கெஞ்சிக் கூத்தாடி, இட்லி வரிசையே முதலில் ஆரம்பிக்கட்டும், பிறகு மாறிக்கொள்ளட்டும் என்று ஒரு வழி கேட்டு வாங்கினான். சார் யோசித்துவிட்டு, "சரி. ஆனா ஆரம்பம் அவங்கதான். அதுல மாத்தம் கூடாது" என்றார். அவர் போனதும் அமலராணி மிஸ் இவனைத் தனியாகக் கூப்பிட்டார்கள்.

"இந்த ஒரு வருஷம் சார் சொல்றபடி பண்ணிடுங்க மாஸ்டர். ஆர்டர் கைல வரட்டும். அப்புறம் தலைகீழா நின்னுகூட ஆட விடுங்க, யார் கேக்கப் போறா?"

சாயந்திரம் கேம்ப் ரோடு டீக்கடையில் இதையெல்லாம் என்னிடம் சொன்னான். டீயை ஆறவிட்டுவிட்டுக் கேட்டான், "பாட்டு இந்த வருஷமும் கட் ஆவுமாண்ணா?"

"எந்த வருஷம் ஆவாம இருந்துச்சு? சீஃப் கெஸ்ட் பேசாம போவாரா?"

"அப்போ பொங்கல்?"

"ஏய், உனக்கு வேலை வேணுமா, பொங்கல் வேணுமா? பேஜார் பண்ணாத. ஜூன் வரைக்கும் வாய மூடினு இரு."

அவன் ஆறின டீயை ஒரே மடக்கில் குடித்துவிட்டு எழுந்து போனான்.

விழா அன்றைக்கு சீஃப் கெஸ்ட் காட்டாங்குளத்தூர்ப் பக்கம் இருந்து வரவேண்டியவர். ஜி.எஸ்.டி. ரோட்டில் பெருங்களத்தூரிலேயே மாட்டிக்கொண்டார். அவர் வரும்வரை விளக்கு ஏற்றக் கூடாது. பிள்ளைகள் பூசின பவுடர் வேர்வையில் வழிய நின்றுகொண்டிருந்தன. அவர் வந்து, பேசி, பரிசு கொடுத்து முடித்தபோது நேரம் பாதி போய்விட்டது. அமலராணி மிஸ் எனக்குப் போன் பண்ணினார்கள். "சவுண்டு அண்ணா, எல்லா பாட்டும் ரெண்டே நிமிஷம். மேடைக்குப் பின்னாடி மாஸ்டர்கிட்டயும் சொல்லிட்டேன்."

இரண்டு நிமிஷம் என்றால் ரெண்டு வரிசை. நான் கணக்குப் போட்ட மாதிரி அவனும் போட்டிருப்பான். ஒன்றாம் கிளாஸ் போனது, மூன்றாம் கிளாஸ் போனது. நாலாம் கிளாஸ் பேரைச் சொன்னார்கள். திரை மூடியிருந்தது. மேடையில் யாரோ மைக்கை அணைக்காமல் வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். என் பெட்டிகள் நாலிலும் ஸ்டெபின் குரல் இடி மாதிரி வந்தது.

"பொங்கல் முன்னாடி!"

கூட்டம் சிரித்துவிட்டது. எனக்கு முன்னால் இருந்த ஒருத்தர், "சாப்பாடு போட ஆரம்பிச்சுட்டாங்களா?" என்று திரும்பிப் பார்த்தார். எனக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. வாயைத் திறந்து, "கெடுத்துக்கினாண்டா" என்றேன்.

திரை விலகியது. நடுவில் ஸ்நேகா இல்லை, கெசியா. பிள்ளைகள் ஒரு இடத்தில்கூடத் தப்பு பண்ணவில்லை. தினமும் மாறி மாறி நின்ற பிள்ளைகள்தானே. எனக்கு முன்னால் போன்கள் எல்லாம் மேலே போயின, பிறகு குழம்பின. எப்பவும் ஆடாத கைகள் இந்தப் பக்கம் அந்தப் பக்கம் தேடின. எப்பவும் எக்கி நிற்கிற ஒரு கை அசையாமல் நின்றது. கழுத்தில் அடையாள அட்டை. போனில் முழு உருவமாக ஒரு பிள்ளை, தலையில் காகிதக் கிரீடம் ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது, பிள்ளை அதுபாட்டுக்கு ஆடிக்கொண்டிருந்தது. அந்த அம்மா போனைப் பார்க்கவில்லை. நேராக மேடையைப் பார்த்தாள்.

பொங்கல் பின்னால் போனது, பூரி முன்னால் வந்தது. இரண்டு நிமிஷம் முடிந்தது. அமலராணி மிஸ் விரலைக் காட்டினார்கள். இறக்கினேன்.

விழா முடிந்து நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தார்கள். ஸ்டெபின் என் மேஜைக்கு பென் டிரைவ் வாங்க வந்தான். முகத்தில் ஒரு திருப்தி. நான் திட்டுவதற்கு வாயைத் திறந்த நேரம், ஒரு அம்மா வந்தாள். பக்கத்தில் ஸ்நேகா, கிரீடத்தைக் கையில் பிடித்து ஆட்டிக்கொண்டு. அம்மாவுக்கு ஏதோ பாங்க்கில் வேலை போல, பையைப் பார்த்தால் அவளும் ஆபீஸிலிருந்து நேராக வந்தவள்தான்.

"பாட்டு அவ்வளவுதானா? ஸ்நேகா வீட்ல ஆடும்போது இன்னும் இருந்துதே."

நான் ஸ்டெபினைப் பார்த்தேன். அவன் முகத்தில் இருந்தது எல்லாம் வடிந்துபோனது.

"இன்னும் இருக்குது மேடம்" என்றான். "இன்னும் ரெண்டு பங்கு இருக்குது."

"ஓ" என்றாள் அந்த அம்மா. மகள் தலையைத் தடவினாள். "பரவாயில்ல, வா." போய்விட்டார்கள். அந்தப் பிள்ளை மட்டும் ஒரு தடவை திரும்பி மாஸ்டருக்கு டாட்டா காட்டியது.

ஸ்டெபின் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டான்.

"இன்னா பண்ணிட்டேன் பாத்தியாண்ணா? போன வாட்டி ஒரு அம்மா கேட்டுச்சு. இந்த வாட்டி வேற அம்மா. ஆள மாத்திட்டேன், அவ்ளோதான்."

"கெசியா அம்மா சிரிச்சிகினு போச்சே, அதப் பாக்கலியா?"

"அதையும் பாத்தேன். இதையும் பாத்தேன்."

நான் திட்டுவதை விட்டுவிட்டு வயரைச் சுற்ற ஆரம்பித்தேன். அவனும் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டான்.

இரண்டு நாள் கழித்து சார் கூப்பிட்டனுப்பினார். என்ன நடந்தது என்று ஸ்டெபினே சொன்னான்.

"ஆரம்பத்தை மாத்தக் கூடாதுன்னு நான் சொன்னேனா இல்லையா?"

"சொன்னீங்க சார்."

"அப்புறம் ஏன்?"

"பாட்டு பாதில நிக்கும்னு தெரிஞ்சுபோச்சு சார். போன வருஷம் வராத புள்ளைங்க இந்த வருஷமும் வராம போயிடும்."

அதற்கு சார், "என்கிட்ட வந்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே. இந்த ஒரு பாட்டை முழுசா விடுங்கன்னு கேட்டிருந்தா நான் என்ன முடியாதுன்னா சொல்லியிருப்பேன்?" என்றாராம்.

"சொல்லியிருப்பாரோ, மாட்டாரோ, தெரியலண்ணா" என்றான் என்னிடம். "ஆனா கேக்கணும்னு எனக்குத் தோணவே இல்ல. அவரு முடியாதுன்னுதான் சொல்வார்னு நானே முடிவு பண்ணிக்கினேன்."

ஜூன் வந்தது. ஆர்டர் வரவில்லை. சண்டை சச்சரவு ஒன்றும் இல்லை, கூப்பிடவில்லை, அவ்வளவுதான். வேற ஒரு மாஸ்டரைப் போட்டார்கள். வெள்ளைச் சட்டை ரெண்டையும் ஸ்டெபின் ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போட்டுக்கொண்டு போகிறான்.

தபீதாள் அவனை ஒரு வார்த்தை சொல்லவில்லை என்று சொன்னால் பொய். நான் அவர்கள் வீட்டுக்கு ஒரு நாள் போயிருந்தபோது என் எதிரிலேயே அவனைப் பிடித்துக்கொண்டாள்.

"எங்க கிளினிக்ல கரண்ட் போகப்போகுதுன்னு மெசேஜ் வந்தா டாக்டர் என்ன பண்ணுவார் தெரியுமாண்ணா? காத்துக்கினு இருக்கற எல்லாரையும் கொஞ்சம் கொஞ்சம் பாத்து அனுப்புவார். பாதிப் பேருக்கு முழுசா பல்லப் பாத்துட்டு, மீதிப் பேரை நாளைக்கு வாங்கன்னு அனுப்ப மாட்டார். இவரு என்ன பண்ணாரு? யாரை அனுப்பறதுங்கறதை மாத்துனாரு. டோக்கன் குடுக்கற எனக்குத் தெரியுது, இவருக்குத் தெரியல."

ஸ்டெபின் முட்டிப் பட்டையை அவிழ்த்துக் கட்டிக்கொண்டே, "மெசேஜ் வருஷா வருஷம் வந்துகினேதான் கீது" என்றான். யாரிடம் சொன்னான் என்று தெரியவில்லை.

அடுத்த ஜனவரியில் முடிச்சூர்ப் பக்கம் ஒரு ஸ்கூலில் மைக்செட் போட்டேன். மேடைக்குப் பின்னால் "பூரி, ஓடாத!" என்று ஒரு குரல். போய்ப் பார்த்தால் நம்ம ஆள். தொப்பை அப்படியே. பிள்ளைகள் அங்கேயும் இட்லி தோசைதான்.

அவன் ஆட்டத்தை மாற்றியிருந்தான். இப்போது ஒரு வரிசை ஒரு நிமிஷம் நிற்பதில்லை. வந்தது, நாலு அடி ஆடினது, சுற்றிப் போனது, அடுத்தது வந்தது. ஓடினதும் ஆடினதும் சமமாக இருந்தது. அழகு என்று சொல்ல முடியாது. அந்த ஸ்கூல் பிரின்சிபால் அம்மா ஒத்திகையில் பார்த்துவிட்டு, "என்ன மாஸ்டர், தாம்பரம் பஸ் ஸ்டாண்ட் மாதிரி இருக்கு?" என்று கேட்டார்களாம். இவன் இந்தத் தடவை வாயைத் திறந்து சொல்லியிருக்கிறான். எதற்கு இப்படி என்று முழுசாக. அந்த அம்மா, "எதையாவது பண்ணுங்க, விழுந்து வைக்காம இருந்தா சரி" என்று போய்விட்டார்கள்.

விழா அன்றைக்கு என் மேஜையிலிருந்து பார்த்தேன். முன்னால் இருந்த போன் எதுவும் ஒரு இடத்தில் நிற்கவில்லை. எல்லாம் ஒன்றாக ஆடின. ஒரு அப்பா, "வந்துட்டாடி, எடு எடு!" என்றார், எடுப்பதற்குள் பிள்ளை ஓரத்துக்குப் போய்விட்டது. "திரும்ப வரும், இருங்க" என்றாள் மனைவி. வந்தது. யாருக்கும் ஒழுங்கான படம் கிடைத்திருக்காது. எல்லோருக்கும் ஒரு முகமாவது கிடைத்திருக்கும்.

இரண்டு நிமிஷம் ஆவதற்குள் மேடை ஓரத்திலிருந்து ஒரு டீச்சர் விரலைக் கத்தரிக்கோல் மாதிரி ஆட்டினார்கள். நான் சத்தத்தை இறக்கினேன். பிள்ளைகள் மூச்சு வாங்கக் கும்பிட்டன.

முடிந்ததும் மேஜையில் கொஞ்ச நேரம் காத்திருந்தேன். ஸ்டெபினும் பக்கத்தில் வந்து நின்று கூட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். பெத்தவர்கள் எங்களைத் தாண்டிப் போனார்கள், பிள்ளைகள் கலைந்த மையோடு போயின. பாட்டு அவ்வளவுதானா என்று யாரும் வந்து கேட்கவில்லை.

"கெளம்பலாமாண்ணா?" என்றான்.

"வயரப் புடி" என்றேன்.